லைலாவின் பக்கம்

லைலா மஜ்னூன் கதையைக் கேள்வியுறாதவர் நம் நாட்டில் மிகச் சிலரே. தமிழில் அது திரைப்படமாகவும் வந்ததுண்டு. ஆயினும், அக்கதையைப் பாரசீக மொழியில் காவியமாக்கியவர் நிஜாமி என்பதும், 1188ஆம் ஆண்டில் அதனை முடித்த அப்புலவர் காதலர் இருவரையும் முதன்முதலில் ஒரு பள்ளிக்கூடத்தில்தான் சந்திக்க வைக்கிறார் என்பதும் பலர் அறியாதவை. பள்ளிக்கூடத்திலேயே வாழ்நாளைக் கழித்தவன் ஆதலின், அந்த இரண்டாவது செய்தி என்னை எப்போதும் கவர்ந்து வந்திருக்கிறது. எழுத்துக் கற்கச் சென்ற இரு குழந்தைகளில் ஒருவன் பித்தனாகிப் பாலைவனத்தில் விலங்குகளோடு திரிகிறான். மற்றவள் வீட்டினுள் அடைபட்டு, வேறொருவனுக்கு மணமுடிக்கப்பட்டு, மாய்ந்து போகிறாள். உலகம் நினைவில் வைத்திருப்பதோ பித்தனின் புலம்பலைத்தான்.

அக்கதையை அடியொற்றி அமெரிக்காவில் உருவான ஓர் இசைத்தொகுதியைப் பற்றி இன்று நேயர்களோடு பேச விரும்புகிறேன். 2022இல் வெளிவந்த அதன் பெயர் 'ஐ ஆம் தி மூன்'. 'நானே நிலவு' என்று பொருள் கொள்ளலாம். ஆக்கியோர் டெடெஸ்கி டிரக்ஸ் குழுவினர். சூசன் டெடெஸ்கி என்னும் பாடகியும், அவர் கணவர் டெரிக் டிரக்ஸ் என்னும் கித்தார்க் கலைஞரும் 2010இல் தொடங்கிய குழு அது. அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள் அங்கே வளர்த்த புளூஸ் இசையும் தேவாலயப் பாடல்களுமே இவர்களுக்கு வேர். அந்த வேரிலிருந்து கிளம்பி, எழுதி வைத்துக்கொள்ளாமல், கற்பனையை விரித்துக்கொண்டே போவதை அந்நாட்டார் 'ஜாம்' என்பர். நம் நிரவலை நினைத்துக்கொண்டால் ஒருவாறு விளங்கும். ஆனால் இங்கே ஒருவர் விரிக்க மற்றவர் பின்தொடர்வதோடு நிற்பதில்லை. பலரும் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டவாறே சேர்ந்து விரிக்கிறார்கள்.

இதற்கொரு முன்கதை உண்டு. 1970இல் எரிக் கிளாப்டன், தம் நண்பரின் மனைவிமேல் தாம் கொண்ட காதலை நிஜாமியின் கதையில் ஏற்றி 'லைலா' என்னும் பாட்டைப் பாடினார். அக்குழுவின் பெயர் டெரிக் அண்ட் தி டாமினோஸ். அந்தப் பெயரைத்தான் பின்னர் 1979இல் பிறந்த டிரக்ஸுக்கு வைத்தார்கள்! அந்த 'லைலா' தொகுதி முழுவதையும் 2019இல் டெடெஸ்கி டிரக்ஸ் குழுவினர் மேடையில் வாசித்தனர். மறு ஆண்டு கொள்ளைநோய் வந்து ஊர் ஊராகச் செல்வதை நிறுத்திற்று. அப்போது குழுவின் பாடகர்களில் ஒருவரான மைக் மாட்டிசன், மூலநூலை எல்லாரும் படிப்போம் என்றார். கிளாப்டன் தொகுதியில் கேட்பது காதலன் குரல் மட்டுமே. லைலா என்ன நினைத்திருப்பாள் என்பதே அவர் எழுப்பிய வினா.

நல்ல ஆசிரியர் கேட்கும் வினா இது. நிஜாமிக்கும் நாம் நியாயம் செய்ய வேண்டும். அவர் லைலாவை ஊமையாக்கிவிடவில்லை. அவள் மடல் எழுதுகிறாள். தன் துன்பத்தைத் தானே பேசுகிறாள். ஆணுக்குக் கதறி அழப் பாலைவனமேனும் இருக்கிறது. அவளுக்கு அதுவும் இல்லை. பின்வந்தோர்தாம் அந்தப் பக்கங்களை விரைந்து புரட்டிவிட்டார்கள்.

தலைப்புப் பாடலை எழுதியவர் கேப் டிக்சன் என்னும் ஆடவர். லைலாவின் நிலையில் நின்று எழுதினார். நம் அடியார்கள் தலைவி கூற்றாகப் பாடிய மரபில் வளர்ந்த நமக்கு இது வியப்பன்று. ஆனால் சூசன் டெடெஸ்கியின் குரல் அதில் சேரும்போது, கரகரப்பும் கனிவும் ஒருங்கே கொண்ட அந்தக் குரலில், புலம்பலைக் காட்டிலும் ஒருவகை உறுதியே எனக்குக் கேட்கிறது. காதலிக்கப்பட்டவள் என்பதற்காகவே தன்னை இழக்க மறுக்கும் உறுதி அது.

தொகுதியில் 24 உருப்படிகள் உள்ளன. சிலவற்றைக் குறைத்திருக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் 'பசாகுவான்' என்னும் வாத்திய இசையை மட்டும் எவரும் விட்டுவிடலாகாது. ஏறத்தாழ 12 நிமிடம் நீள்வது அது. டிரக்ஸ் கண்ணாடிக் குழலொன்றை விரலில் மாட்டித் தந்திமேல் இழைத்து வாசிப்பவர். கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய செவிக்கு அந்த இழைப்பு அந்நியமாகத் தோன்றாது. இந்துஸ்தானி இசையில் அவருக்கு ஈடுபாடு மிகுதி. கலிபோர்னியாவில் அலி அக்பர் கான் நிறுவிய கல்லூரியிலும் பயின்றவர். புளோரிடாவில் தம் வீட்டருகே அமைத்த ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அவர் இட்ட பெயரே 'சதுப்பு நில ராகம்' என்பதாகும்.

நான்கு பகுதிகளாக, ஜூன் முதல் ஆகஸ்டு வரை, நான்கு வாரத்துக்கு ஒன்றாக இதனை வெளியிட்டார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரைமணி நேரம். கேட்போர் காத்திருக்க வேண்டும் என்று ஒரு குழு எண்ணியது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கடைசிப் பகுதியின் பெயர் 'விடைபெறல்'. அதில் 'சோல் ஸ்வீட் சாங்' என்றொரு பாட்டு உண்டு. அக்குழுவில் விசைப்பலகையும் புல்லாங்குழலும் வாசித்த கோஃபி பர்பிரிட்ஜ், 2019 பிப்ரவரி 15ஆம் நாள், குழுவின் முந்தைய தொகுதி வெளிவந்த அன்றே காலமானார். அவரை நினைந்து எழுந்த பாட்டு அது. எழுதியவர் டிக்சன், இறந்தவர் விட்டுச்சென்ற விசைப்பலகையில் அமர்ந்தவர் அவரே. காவியத்து லைலாவை அங்கே தேடினால் காணமாட்டீர்கள். ஆனாலும் அப்பாட்டை மட்டும் தனியே எடுத்துக் கேட்க வேண்டாம். நாளுக்கு ஒரு பகுதியாக, முதலிலிருந்து தொடங்கி, நான்காம் நாள் அதனிடம் வந்து சேருங்கள்.