பக்கத்தில் உட்கார வைத்தவர்கள்



திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் நம் கை முதலில் கட்டடங்களைத்தான் எண்ணும். எந்தக் கோயில் எந்த ஆண்டில் எழும்பியது, எந்தப் பள்ளி எப்போது கல்லூரி ஆயிற்று, எந்தச் சேகரத்தில் எத்தனை குடும்பங்கள். நானும் அப்படியே எழுதி வந்தவன். இந்தக் கருத்தரங்கில் வேறொன்றைத் தேடும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு மூத்தவர் ஒரு பையனைத் தம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அதனால் அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று? அந்த மூத்தவருக்கு என்ன ஆயிற்று?

1785இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர், திரும்பும்போது தேவசகாயம் பிள்ளையின் மகனைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். 1774இல் பிறந்த பையன். தாமிரபரணிக் கரையை விட்டுப் போகும்போது இன்னும் மீசை அரும்பாத வயது. அவர்தான் பின்னாளில் புலவரான வேதநாயக சாஸ்திரியார். தஞ்சையில் அதே பெரியவரின் நிழலில் இன்னொரு பையனும் வளர்ந்தான், சரபோஜி. அவர் அரசரானார், கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். ஆனாலும் 1798இல் சுவார்ட்ஸ் மறைந்த பிறகு, ஃபிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு ஒரு பளிங்குச் சிற்பம் செய்வித்துத் தஞ்சைக் கோயிலில் வைத்தார். படுக்கையில் கிடக்கும் முதியவரின் கையைப் பிடித்தபடி அரசர் நிற்கும் காட்சி அது. பல ஆண்டுகள் கழித்து மிஷனில் வேதநாயகருக்கு வேலை போனபோது அவரைத் தம் அவைப் புலவராக ஏற்றுக்கொண்டவரும் இந்தச் சரபோஜிதான். ஒரே மடியில் வளர்ந்த பாசம், பெரியவர் போன பிறகும் பையன்களுக்கு இடையே உயிரோடு இருந்தது.

அந்த வேலை ஏன் போயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லாச் சாதியாரும் கோயிலில் ஒன்றாக உட்கார வேண்டும், ஒரே பாத்திரத்தில் நற்கருணை பெற வேண்டும் என்று புதிதாக வந்த மிஷனரிகள் வற்புறுத்தினார்கள். வேதநாயகர் அதை எதிர்த்தார். நம் இசைத்தமிழுக்கு அவர் தந்த கொடையை நான் தலைவணங்கி ஏற்கிறேன். இந்த ஒன்றில் அவரோடு நிற்க என்னால் முடியாது. ஆனால் அவரை மட்டும் குறை சொல்லி நகர்ந்துவிடவும் மனம் வரவில்லை. தமக்குப் பக்கத்தில் பையனுக்கு இடம் கொடுத்த பெரியவர், அந்தப் பையனுக்குப் பக்கத்தில் இன்னொரு சாதிப் பையனை உட்கார வைத்தாரா? நம் ஆய்வு தொட்டாக வேண்டிய கேள்வி இது.

நூறாண்டு தள்ளி வாருங்கள். வெள்ளாளன்விளை, தேரி மணலும் பனைமரமும் சூழ்ந்த ஊர். அங்கே 1874 ஆகஸ்டில் குருவானவர் தாமஸ் வேதநாயகத்தின் மகனாகப் பிறந்தவர் அசரியா. பாளையங்கோட்டையில் படிக்கிற காலத்திலேயே, சாதிப் பிரிவினைக்கு எதிராக மாணவர்கள் கூடி ஒரு சகோதரச் சங்கம் வைத்ததில் அவருக்குப் பங்கு உண்டு. பெரியவர்கள் செய்யத் தயங்கியதைப் பையன்கள் செய்தார்கள். 1895இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளர் ஆனார், வாலிபர்களைத் தேடி ஊர் ஊராகப் போவதே வேலை. அடுத்த ஆண்டு அமெரிக்காவிலிருந்து ஷெர்வுட் எடி வந்து சேர்ந்தார். அசரியாவைவிட மூன்று வயது மூத்தவர். சேர்ந்து பயணம், சேர்ந்து ஜெபம், சேர்ந்து சாப்பாடு. வெள்ளைக்காரர் ஒருவர் தமிழரிடம் நண்பராகவே பழக முடியும் என்று அசரியா கண்டது அங்கேதான்.

1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்த ஊர்க் காசு, இந்த ஊர் ஆட்கள், தெலுங்கு நாட்டுக்கு ஊழியம். ஏழு ஆண்டு கழித்து எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் முப்பத்தைந்து வயது அசரியா எழுந்து நின்று, மேலைநாட்டு மிஷனரிகளிடம் நட்பைக் கேட்டார். உழைப்பையும் தியாகத்தையும் தந்தீர்கள், நன்றி. ஆனால் ஓர் இந்தியரைக்கூட வீட்டுக்குச் சாப்பிட அழைக்காத மிஷனரிகள் உண்டே என்று முகத்துக்கு நேரே சொன்னார். அவையில் பலருக்கு அது கசந்தது. எடியின் நட்பை அவர் அறியாதிருந்தால் இந்தக் குறை அத்தனை துல்லியமாக அவர் கண்ணில் பட்டிருக்குமா? பட்டிருக்காது என்பதே என் எண்ணம். நல்ல உறவு ஒன்றைச் சுவைத்தவனுக்குத்தான் பொய்யான உறவு நாக்கில் தெரியும். 1912இல் அவர் தோர்ணக்கல்லின் ஆயராக, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயராக உயர்ந்ததை ஊரறியும்.

இன்றைய நிலைமையைப் பற்றி ஒரு சொல். வாலிபர் கூட்டம் நடத்துகிறோம், முகாம் போடுகிறோம், பரிசு கொடுக்கிறோம். பையன் பேசும்போது கேட்டுக்கொண்டிருக்க மட்டும் நேரம் இல்லை. அந்த நாளில் எங்கள் ஊர் உபதேசியார் சாயங்கால ஜெபம் முடிந்ததும் கோயில் படிக்கட்டில் உட்காருவார். “ஏல, இங்க வந்து உக்காரு” என்பார். பாடம் எதுவும் நடத்தமாட்டார். படிக்கட்டு தெருவைப் பார்த்தது; போகிறவர் வருகிறவர் கண் எங்கள்மேல் இருந்தது. இதையும் கவனியுங்கள். பெரியவருக்கும் பிள்ளைக்கும் நடுவில் அதிகாரம் ஒரு பக்கமே இருக்கிறது. மூடிய அறையில் அது பிள்ளைக்கு ஆபத்தாகலாம். உறவு படிக்கட்டில் நடக்கட்டும்.

கடைசியாக ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேலை.  1843ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாளையங்கோட்டை ஆங்கிலப் பள்ளிக்குத் தலைமையேற்றவர் குரூக்‌ஷாங்க், கண் பார்வை இல்லாதவர். அவரிடம் படித்துக் கிறிஸ்தவரான வில்லியம் தாமஸ் சத்தியநாதன் பின்னாளில் சென்னைச் சிந்தாதிரிப்பேட்டை சீயோன் கோயிலின் குருவானவரானார். மிஷன் கடிதங்களில் அந்த ஆசிரியரின் பெயர் இருக்கிறது. பார்வையற்ற ஆசிரியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது புத்தகம் வாசித்துக் காட்டியிருக்க வேண்டும் அல்லவா? ஞானஸ்நானப் பதிவேடுகளிலும், கல்லறைக் கற்களிலும், நம் வீட்டுப் பழைய பெட்டிகளிலும் அப்படி வாசித்துக் காட்டிய பையன்களின் பெயர்களைத் தேடுங்கள்.