காதால் கண்டெடுத்த ஆந்தை

துபாயில் கராமாவின் கடைத்தெரு விளக்குகளை விட்டுக் கிழக்கே காரில் இரண்டு மணி நேரம் போனால், ஃபுஜைராவின் ஹஜர் மலைகளுக்கிடையே வாதி வுரய்யா என்னும் பள்ளத்தாக்கு கிடைக்கிறது. வாதி என்பது மலையாற்றுப் படுகை. பெரும்பாலும் வறண்டு கிடக்கும் வாதிகளுக்கிடையே இதில் ஆண்டு முழுவதும் நீர் உண்டு. 2009-இல் அமீரகத்தின் முதல் மலைக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இந்த இடத்தில்தான், செங்குத்துப் பாறைகளை அண்டி வாழ்ந்து இரவில் மட்டும் இரைதேடும் ஓமான் ஆந்தையின் குரல் 2015-இல் பதிவாயிற்று.

ஆந்தையின் கண்கள் நம் கண்களைப் போல உருண்டையானவை அல்ல; குழாய் வடிவில் நீண்டு, மண்டையோட்டில் இறுகப் பொருந்தியிருப்பதால் அவற்றைச் சுழற்ற இயலாது. அக்குறையை ஈடுசெய்யும் கழுத்தில், மனிதருக்கு உள்ள 7 எலும்புகளுக்கு மாறாக 14 எலும்புகள் இருப்பதால், தலை ஒரு பக்கமாக ஏறத்தாழ 270 பாகை திரும்புகிறது. ஆனால் இரவு வேட்டையில் கண்ணைவிடக் காதே பெரிது. முகவட்டு எனப்படும், முகத்தைச் சுற்றிய இறகு வளையம் ஒலியைக் கிண்ணம் போல ஏந்திக் காதுக்கு அனுப்புகிறது. ஓமான் ஆந்தை சேர்ந்த ஸ்ட்ரிக்ஸ் பேரினத்தில் இரு காதுத் துளைகளும் ஒத்த அமைப்பில் இல்லாமையால், எலி கிளப்பும் சலசலப்பு எந்தத் திசையிலிருந்து, எந்த உயரத்திலிருந்து வருகிறது என்பதைச் சிறு ஒலி வேறுபாட்டைக் கொண்டே பறவை கணித்துவிடுகிறது. சிறகின் முன்விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற நுண்ணிழைகள் காற்றின் இரைச்சலை அடக்குவதால், தன் சிறகொலி தன் காதையே மறைப்பதில்லை. தென்னமெரிக்கக் குகைகளில் வாழும் எண்ணெய்ப் பறவையோ வேறு வழி கண்டது: தானே ‘டிக் டிக்’ என ஒலியெழுப்பி, எதிரொலியால் வழியறிகிறது. ஆந்தைக்கு அந்த வித்தை கைவராது. அது பேசாமல் கேட்கும் பறவை.

ஓமான் ஆந்தையைக் கண்டறிந்ததும் காதுதான். காங்கிரசு இயக்கம் தோன்றக் காரணமானவராக அறியப்படும் ஆலன் ஆக்டேவியன் ஹியூம், பறவையியலில் அதற்கும் முன்பே பெயர் பெற்றவர். மக்ரான் கடற்கரையின் ஒர்மாராவில் கிடைத்த ஒரே உடலைக் கொண்டு, 1878-இல் புதிய ஆந்தையினம் ஒன்றுக்குப் பட்லரி எனப் பெயரிட்டார். பின்வந்தோர் பாலைநிலங்களின் வெளிறிய ஆந்தையையும் அதே இனமாகக் கொண்டனர். 2013-இல் ஓமான் மலையில் வேறோர் ஆந்தையின் குரலைப் பதிவு செய்துகொண்டிருந்த பறவையொலிப் பதிவாளர் மேக்னஸ் ராப், பழக்கமில்லாத நான்கு அசைக் கூவலைக் கேட்டார். அதற்குரிய பறவை அவ்வாண்டே புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் ஹியூம் பெயரிட்ட பழைய பறவையுடலை மீண்டும் ஆராய்ந்தபோதும், பின்னர் வந்த மரபணுச் சோதனையிலும், ஓமானின் ‘புதிய’ ஆந்தையே பட்லரி என்பது தெளிவாயிற்று. அதனால் பெயரில்லாமல் நின்றது, நூற்றாண்டுக்கு மேலாக அனைவரும் அறிந்ததாக எண்ணியிருந்த பாலைவன ஆந்தைதான். அதற்கு 2015-இல் ஹதோராமி என்று பெயர் சூட்டப்பட்டது.