'ஈ' என்று முடியும் சொல்



கணக்காளரான எனக்கு 'ஈ' என்று முடியும் ஆங்கிலச் சொற்கள் நாளாந்தம் பழகியவை. வேலை கொடுப்பவர் எம்ப்ளோயர், வேலைக்கு அமர்த்தப்பட்டவர் எம்ப்ளோயீ. காசோலையில் பணம் பெறுபவர் பேயீ. ஒருவர் செய்ய, மற்றவர் அதற்கு உட்படுகிறார். 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், நீதிமன்றங்களில் வழங்கிய பிரெஞ்சு மொழி விட்டுச்சென்ற விகுதி இது.

அப்படியானால் 'ரெஃபியூஜீ'? அவருக்கு எதிரே 'ரெஃபியூஜர்' என்று ஒருவரும் இல்லையே!

1685இல் பிரெஞ்சு மன்னன் 14ஆம் லூயி புரட்டஸ்தாந்தரின் வழிபாட்டு உரிமையைப் பறித்தான். ஹியூகனோக்கள் எனப்பட்ட அந்த மக்களில் பல்லாயிரம் பேர் இங்கிலாந்துக்குத் தப்பி வந்தார்கள். லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் பட்டு நெய்து பிழைத்தார்கள். அவர்களைக் குறித்த 'ரெஃபியூஜியே' என்ற பிரெஞ்சுச் சொல்தான் ஆங்கிலத்தில் 'ரெஃபியூஜீ' ஆனது. தானே புகலிடம் தேடிக்கொண்டவர் என்பது அதன் பொருள்.

எங்கள் 'அகதி' என்ற சொல் கதியற்றவர் என்கிறது. இந்தச் சொல்லோ, கதி தேடிப் புறப்பட்டவர் என்கிறது.

பள்ளிக்கூடத்தில் யாரேனும் இச்சொல்லை ஏளனமாகச் சொல்லி, பிள்ளை முகம் வாடி வந்தால், இதை எடுத்துச் சொல்லுங்கள். அது கையேந்தியவரின் பெயரல்ல. உயிரைக் காக்கத் துணிந்து நடந்தவரின் பெயர்.