ஆறிலிருந்து ஒன்றுக்கு

(சபை ஆண்டு விழா ஸ்தோத்திர ஆராதனையில் ஆற்றிய உரை)



பிள்ளைகளே, இன்று வீட்டுக்குப் போனதும் பாட்டியிடம் ஒன்று கேளுங்கள்: "பாட்டி, உங்களோடு கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர்?" பல பாட்டிமார் ஐந்து, ஏழு என்று விரல்விட்டு எண்ணுவார்கள். 1957-இல் சிங்கப்பூரில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு பிள்ளைகளுக்கு மேல். 2023-இல் அது 0.97, அதாவது ஒன்றுக்கும் குறைவு.

ஏன் இந்த மாற்றம்? 1960-இல் பிறந்த 1,000 குழந்தைகளில் சுமார் 35 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். இன்று ஏறத்தாழ 2 பேர்தான். பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது. பெண்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள். 1972-இல் அரசாங்கம் 'இரண்டோடு நிறுத்துங்கள்' என்றது. அடுத்தடுத்த பிள்ளைக்குப் பிரசவக் கட்டணத்தையும் கூட்டியது. 1987-இல் அதே அரசாங்கம் 'மூன்று பெறுங்கள், வசதியிருந்தால் இன்னும் பெறுங்கள்' என்றது. 2001 முதல் ரொக்கமும் கொடுக்கிறது. ஆனாலும் எண்ணிக்கை இறங்கியே வந்தது. திருமணம் தள்ளிப்போகிறது, வீடு, டியூஷன், வேலை நேரம், முதியோர் பராமரிப்பு என்று பாரம் பல.

இதில் நமக்கு என்ன வேலை? அப்பாவும் ஒரே பிள்ளை, அம்மாவும் ஒரே பிள்ளை என்றால், அவர்கள் குழந்தைக்கு அத்தை இல்லை, மாமா இல்லை, சித்தி, சித்தப்பா யாருமில்லை. இங்கே அந்தக் குழந்தை நம்மை 'அங்கிள்', 'ஆண்டி' என்று கூப்பிடுகிறது. அந்தப் பெயருக்கு ஏற்றபடி நடப்போம். தாய் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது அந்தக் குழந்தைக்குச் சோறு கொடுப்பது யார்? ஒரே மகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக இருக்கும் தாத்தாவை ஆராதனைக்கு அழைத்து வருவது யார்? நாம்தான்.

இன்னொரு வேண்டுகோள். "விசேஷம் உண்டா?", "இரண்டாவது எப்போது?" என்று ஆராதனை முடிந்ததும் வாசலில் கேட்காதிருங்கள். கேட்கிறவருக்கு அது நலம் விசாரிப்பு; கேட்கப்படுகிறவர் சில வேளை வீட்டுக்குப் போய் அழுகிறார். பெனின்னாளின் பேச்சுத்தான் அன்னாளைச் சாப்பிடவும் விடாமல் அழவைத்தது. நம் சபையில் எந்த அன்னாளும் அப்படி அழக்கூடாது.

பிள்ளை உள்ளவர்கள், இல்லாதவர்கள், திருமணமாகாதவர்கள் எல்லாரும் சேர்ந்ததே இந்தக் குடும்பம். கர்த்தர் இக்குடும்பத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.