கண் தெரிகிறதே என்று இருந்துவிடலாமா? நீரிழிவும் விழித்திரைப் படமும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற நல்வாழ்வுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

நான் மருத்துவன் அல்லன், அரசாங்க ஊழியன். ஆயினும் நாம் இனிப்பு நீர் என்று சொல்லும் நீரிழிவு, மருத்துவர்கள் மட்டும் பேசி முடிக்கும் அளவில் நம்மிடையே இல்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் காணப்பட்டது. இந்தியர்களிடையே மட்டும் அது 30 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. இம்மண்டபத்தில் உங்கள் இருபுறமும் அமர்ந்திருப்பவர்களை எண்ணிப் பாருங்கள்.

இந்நோய் காலைப் பாதிக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதைப் பலரும் அறிவர். கண்ணைப் பற்றிக் கேட்டால், "எனக்குத்தான் நன்றாகத் தெரிகிறதே" என்பதே விடையாக வருகிறது. ஆபத்து அந்த விடையிலேயே இருக்கிறது.

கண்ணின் பின்புறச் சுவரில் படிந்திருக்கும் மெல்லிய படலமே விழித்திரை. இரத்தத்தில் சர்க்கரை பல்லாண்டுகள் மிகுந்திருந்தால், அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் நலிவடைகிறது. முதலில் குண்டூசி முனையளவு வீக்கங்கள் தோன்றும்; பின்னர் இரத்தமும் கொழுப்பும் கசியும். குழாய்கள் அடைபட்டால், பிராணவாயு கிட்டாத விழித்திரையில் புதிய குழாய்கள் முளைக்கும். அவை வலுவற்றவை, உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கொட்டினால் ஒரே நாளில் கருந்திரை விழுந்தாற்போல் ஆகிவிடும். அதற்கு முதல் நாள் வரையிலும் அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்திருக்கலாம். மூக்குக்கண்ணாடிக் கடையில் எழுத்துகளைச் சரியாகப் படித்துவிட்டேன் என்பது விழித்திரை நலமாக உள்ளது என்பதற்குச் சான்று ஆகாது.

உடலைக் கீறாமல் இரத்தக் குழாய்களை நேரே பார்க்கக்கூடிய இடம் விழித்திரை. அதனைப் படம் பிடிக்கும் கேமரா அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகள் பலவற்றில் உண்டு. தாடையைத் தாங்கியில் வைத்து, காட்டிய புள்ளியை நோக்க வேண்டும். ஒரு மின்வெட்டு ஒளி, அவ்வளவே. கருவி கண்ணைத் தொடாது. எக்ஸ்ரே கதிரும் இல்லை. சிலருக்குக் கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து இடுவார்கள். அதன்பின் சில மணி நேரம் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். ஆகவே மோட்டார் சைக்கிளில் தனியே போகாதீர்கள். மகனையோ மருமகளையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். கண்புரை உள்ளவர்களுக்குப் படம் தெளிவாக விழாமல் போகலாம். அதனை "ஒன்றுமில்லை" என்று கொள்ளாமல், மருத்துவமனைக்கு எழுதித் தரும் கடிதத்துடன் சென்று காட்ட வேண்டும்.

படத்தின் அருமை அடுத்த ஆண்டுதான் முழுமையாகப் புலப்படும். சென்ற ஆண்டுப் படத்தையும் இவ்வாண்டுப் படத்தையும் அருகருகே வைத்தால், புதிய கசிவு எது, பழையது எது என்று மருத்துவர் கண்டுகொள்வார். கூர்பார்வைக்குரிய மையப் பகுதியில் நீர் கோத்திருப்பதாக ஐயம் எழுந்தால் ஓ.சி.டி. எனும் மற்றொரு படம் எடுப்பார்கள். 1991இல் வெளியுலகுக்கு அறிமுகமான இம்முறை, கேக் லாப்பிஸை வெட்டி அடுக்குகளைப் பார்ப்பதுபோல் விழித்திரையின் அடுக்குகளை ஒளியாலேயே காட்டுகிறது. கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்து வேலை செய்கிறதா, இன்னும் ஊசி தேவையா என்பதை முடிவு செய்ய இப்படம் பெரிதும் துணைபுரிகிறது.

லேசர் சிகிச்சை பற்றி நம்மவரிடையே ஒரு பேச்சு உலவுகிறது: "லேசர் வைத்தார், பார்வை போயிற்று." லேசர் இழந்த பார்வையை மீட்பதற்கன்று, எஞ்சியதைக் காப்பதற்கே. முற்றிய நிலையில் சென்றவருக்குப் பார்வை குறைந்தால் பழி லேசரின் மீது விழுகிறது. இரவுப் பார்வையும் பக்கவாட்டுப் பார்வையும் சற்றுக் குறையலாம் என்பது உண்மைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், 1976இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு, புதிய குழாய்கள் முளைத்த கண்களில் கடும் பார்வையிழப்பை லேசர் பாதிக்கு மேல் குறைத்ததைக் காட்டியது.

கண்ணப்ப நாயனார் ஒரு கண்ணை ஈந்து மறு கண்ணையும் பெயர்க்க முற்பட்டபோது, இறைவன் கைபிடித்துத் தடுத்தான். நம்மவர் பலர் ஒரு கண்ணை நோய்க்குக் கொடுத்த பின்னரே மறு கண்ணைக் காக்க ஓடுகின்றனர்.

நாற்பது வயதுக்கு மேல் வரும் நீரிழிவு, தெரியவருமுன்பே சில ஆண்டுகள் உடலில் மறைந்திருந்திருக்கலாம். ஆகையால் நோய் தெரிந்தவுடனேயே முதல் படம் எடுக்க வேண்டும். குறையேதும் இல்லையென்றாலும் ஆண்டுதோறும் எடுப்பது நன்று. நீரிழிவுள்ள பெண்கள் கருவுற்றால் தொடக்கத்திலேயே எடுக்க வேண்டும். சர்க்கரையுடன் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும்.

உங்கள் நீரிழிவுப் பதிவுப் புத்தகத்தைத் திறந்து, கண் பரிசோதனைப் பக்கத்தில் கடைசியாக என்ன தேதி இருக்கிறது என்று இன்றிரவே பாருங்கள். பக்கம் வெறுமையாக இருந்தால், அடுத்த முறை மருந்து வாங்கச் செல்லும்போது தாதியரிடம் நீங்களே கேளுங்கள். தனித்து வாழும் முதியோரைக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்ல நம் இளைஞர் பிரிவினர் வாகனத்துடன் முன்வந்துள்ளனர். அவர்களிடம் பெயர் கொடுக்க விரும்புவோர், தீபாராதனைக்குப் பின் காலணி வைக்கும் இடத்தருகே உள்ள மேசைக்கு வரலாம்.