உப்புநீரில் உறங்கும் வெப்பம்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அடுப்பிலேற்றிய பானையை எண்ணிப் பாருங்கள். அடிநீர் சூடேறி அடர்த்தி குறைந்து மேலெழுகிறது. மேலுள்ள குளிர்நீர் கீழிறங்குகிறது. இச்சுழற்சியையே மேற்காவுகை என்கிறோம்.

அந்நீரில் உப்பும் ஏற்றத்தாழ்வாகக் கரைந்திருந்தால் யாது நிகழும்? வெப்பம் நீரை இலேசாக்கும், உப்பு பாரமாக்கும். ஒரே கலனுள் இரண்டு சக்திகள் போட்டியிடுகின்றன. அன்றியும், நீரில் வெப்பம் பரவும் வேகத்தில் ஏறக்குறைய நூறிலொரு பங்கு வேகத்திலேதான் உப்புப் பரவும். புதுமைகள் யாவும் இவ்வேற்றுமையிலிருந்தே பிறக்கின்றன.

சூடான உப்புநீர் மேலும், குளிர்ந்த நன்னீர் கீழும் இருப்பின், மேல்நீர் வெப்பத்தை விரைவில் இழக்கும், உப்பையோ இழக்காது. ஆகவே அது பாரமாகி, விரல் விரலாகக் கீழிறங்கும். சமுத்திரத்தில் நிகழும் இதன் இயல்பை ஸ்டேர்ன் என்னும் அறிஞர் 1960 இல் விளக்கினார்.

மறுதலையாக, உவர்நீர் அடியிலும் நன்னீர் மேலும் இருந்தால்? வெயில் அடிநீரைச் சுடவைத்தாலும், உப்பின் பாரத்தால் அது மேலெழாது. நடுவிலுள்ள அசையாத நீர் கம்பளிபோல் வெப்பத்தை மூடிக் காக்கும். திரான்சில்வேனியாவிலுள்ள மெத்வே ஏரியில், ஏறக்குறைய 1.3 மீற்றர் ஆழத்தில், கோடைமுடிவில் 70 பாகை செல்சியஸ் வரை வெப்பம் இருந்ததைக் கலெசின்ஸ்கி 1902 இல் எழுதினார். இந்தியாவிலே, குஜராத்தின் பூஜ் நகரில் 6000 சதுர மீற்றர் பரப்பில் இவ்வாறான குளமொன்றை அமைத்து, 1993 இல் பாற்பண்ணைக்கு வெந்நீர் வழங்கினர்.

அன்பர்களே, நம் வன்னியின் வடவாயிலில் ஆனையிறவு இருக்கிறது. போரினால் 1990 இல் உற்பத்தி நின்ற அவ்வுப்பளத்தில் 2025 இல் உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. உப்பு விளைந்தபின் எஞ்சும் கைப்புநீரும் இத்தகைய குளத்தின் அடிப்படைக்கு ஏற்றதே. வெயிலுக்கோ நமக்குப் பஞ்சமில்லை. அவ்வெந்நீரைக்கொண்டு நெல்லையும் மீனையும் உலர்த்தலாமன்றோ?

ஆயினும் அவசரம் ஆகாது. உப்பின் வேற்றுமையை விஞ்சி வெப்பம் மிகுந்தால், அந்தக் கம்பளி அடியிலிருந்து கிழியும். காற்று மேலிருந்து அதைக் கலைக்கும். மெல்ல மேலேறும் உப்பைக் கழுவ, மேற்பரப்பிற்கு உப்புக் குறைந்த நீரை ஓயாது விடவேண்டும். நன்னீருக்கு ஏங்கும் மண்ணில் அதற்குக் கடல்நீரையே நாடவேண்டும். எல்லாவற்றிலும் மேலாக, குளத்தின் அடி கசிந்தால் அயற்கிணறுகள் உவராகும். கெட்ட கிணற்றை மீட்பது எளிதன்று.

ஆதலால் வாலிபர்களே, முதலில் ஒரு சிறு சீமெந்துத் தொட்டியில், மூன்று ஆழங்களில் வெப்பத்தையும் உப்பையும் அளந்து, ஓராண்டு குறித்துவைப்போம். பெரியோர்களே, எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அவ்வறிவை எங்களுக்குத் தாருங்கள். அளவும் அனுபவமும் கூடினால், இந்நிலத்தின் உப்பும் வெயிலும் கிணற்றுக்குக் கேடின்றி நமக்குத் துணையாகும்.