மந்தம் என்று சொல்லும் முன்



ஓசூரில் நம் பிள்ளைகள் பலர் வீட்டில் உருது பேசி, பள்ளிக்கூடத்தில் தமிழும் ஆங்கிலமும் படித்து, மாலையில் மதரஸாவில் அரபி ஓதுகின்றனர். இவர்களுள் ஒருவன் எழுத்துக்கூட்டத் திணறினால் மந்தம் என்கிறோம், அடிக்கிறோம், பின்னர் படிப்பை நிறுத்திப் பட்டறைக்கு அனுப்பிவிடுகிறோம். இத்தவற்றில் நம் அனைவருக்கும் பங்குண்டு.

மொழி பழகாமை வேறு. கற்றல் குறைபாடு வேறு. முன்னதற்குப் பயிற்சி போதும். ஆண்டுகள் பல பயின்றும் எழுத்தும் ஒலியும் மனத்தில் இணையாத பிள்ளைக்குப் பரிசோதனை வேண்டும். முதலில் கண்ணையும் காதையும் பார்த்து, பின்னர் வீட்டு மொழியில் விளங்கச் சொல்லி, அவன் அதிகம் படித்த மொழியில் வாசிப்பையும் எழுத்தையும் கணக்கையும் சோதித்தல் முறையாகும்.

சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை உள்ளது. இதற்கென அங்கு வகுக்கப்பட்ட தேர்வுமுறை நாட்டின் பல இடங்களில் பயன்படுகிறது. அரசின் வட்டார வள மையங்களிலும் சிறப்பாசிரியர்கள் உள்ளனர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்குறைபாட்டை ஏற்றுள்ளது; உரிய சான்றிருப்பின் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும்.

பெற்றோர்களே, பிள்ளையின் குறையை மறைக்காதீர்கள். பயணச் செலவுக்கு இயலாதோர்க்கு பைத்துல்மாலிலிருந்து உதவுவோம், இன்ஷா அல்லாஹ்.